இடது சீட்டின் எடை

ஜனவரி 11

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். நீயும் அண்ணியும் நலம்தானே? அண்ணியின் முழங்கால் வலி குறைந்ததா? புதிதாக வாங்கிய காது மெஷினைக் காதில் மாட்டுகிறாயா, இல்லை பழையபடி சட்டைப்பையில்தான் இருக்கிறதா? போனில் நீ "ஆங்? ஆங்?" என்று கத்த, நான் இங்கே கத்த, ஏதோ சண்டை என்று பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்ததெல்லாம் போதும். நமக்குக் கடிதம்தான் சரி.

வேன் தயாராகிவிட்டது. இருபத்திரண்டு வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டியவளுக்கு ஓய்வு பெற்றதும் வந்த ஆசை இது என்று நீ சிரித்தாய். சிரித்துக்கொள். உள்ளே இரண்டு பர்னர் அடுப்பு, சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு சிங்க், மடக்கினால் சோபாவாகிற கட்டில். கட்டிலுக்கு அடியில், வலது பக்கச் சுவரை ஒட்டி, நூற்றிருபது லிட்டர் நல்ல தண்ணீர் டேங்க். கழிவுத் தண்ணீருக்கு வேறொரு டேங்க் கீழே இருக்கிறது.

இப்போது என் கேள்வி. புறப்படும்போதே அந்த நல்ல தண்ணீர் டேங்க்கை நிரப்பிக்கொண்டு போவதா, காலியாகப் போய் அங்கே நிரப்புவதா? இங்கே வண்டி பார்க்கிற மெக்கானிக், எல்லோரும் ஸ்பேனர் என்று கூப்பிடுவோமே, அவன் சொல்கிறான்: "தண்ணிய சுமந்துட்டு போறது வெட்டி வேலக்கா. டீசலத்தான் குடிக்கும். போற எடத்துல புடிச்சுக்கலாம்."

ஆனால் நான் போக நினைக்கிற இடத்தில் குழாயே கிடையாது. எங்கள் பஸ் டெப்போ சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது நினைவிருக்கிறதா? சமவெளி, நடுவில் சிவப்புப் பாறைகள். மாதம் மாறியும் அந்தத் தாளை நான் கிழிக்க விடவில்லை. அங்கேதான். மூன்று நாள் ஓட்டம். வழியில் கடைசி ஊர்க் குழாயில் வருவது உப்புத் தண்ணீர், டேங்கில் ஊற்றாதே என்று போய் வந்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். அங்கே நான்கு நாள் இருக்க ஆசை.

முப்பத்திரண்டு வருஷம் எடை மேடையில் உட்கார்ந்து லாரிகளை எடை போட்டவன் நீ. உன்னைக் கேட்காமல் யாரைக் கேட்பேன்?

உன் தங்கை,
வாலு


ஜனவரி 24

அன்புத் தங்கை வாலுவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். முழங்கால் தன் பாட்டுக்கு வலிக்கிறது, உன் அண்ணி தன் பாட்டுக்கு நடக்கிறாள். காது மெஷின் சட்டைப்பையில் பத்திரமாக இருக்கிறது. மாட்டினால் தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி இரைச்சல். உன் அண்ணி ஒரு சின்ன நோட்டில் எழுதிக் காட்டுகிறாள், எனக்கு அது போதும்.

டேங்க்கை நிரப்பாதே. ஒரு லிட்டர் ஒரு கிலோ. நூற்றிருபது லிட்டர் என்பது இரண்டு ஆள். கூப்பிடாத விருந்தாளிகள் இரண்டு பேரைக் கட்டிலுக்கு அடியில் படுக்க வைத்துக்கொண்டு மூன்று நாள் ஓட்டுவாயா? எடை குறைந்து கெட்டுப்போன வண்டியை என் சர்வீசில் பார்த்ததில்லை. எடை கூடிக் குப்புற விழுந்தது நிறையப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் இல்லாத இடத்துக்கு எதற்குப் போக வேண்டும்? குழாய் இருக்கிற இடமாகப் பார்த்துப் போங்கள். மாப்பிள்ளை என்ன சொல்கிறார்?

ஒன்று சொல்கிறேன், கேலி செய்யாதே. முடிவெட்டும் கடையில், மருந்துக்கடையில், எங்கே போனாலும் "என் தங்கச்சியும் மாப்பிள்ளையும் வேன் எடுத்துக்கிட்டு ஊர் சுத்தப் போறாங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் நீ ஒரு பையோடு என் வாசலில் வந்து நின்றாய். மூன்றாம் நாள் காலை பஸ்ஸில் நானே கூட வந்து உன்னை உன் வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். அன்றைக்கு மட்டும் நான் இளகியிருந்தால் இன்றைக்கு இந்த வேன் ஏது, இந்தப் பயணம் ஏது? என் வாழ்க்கையில் உருப்படியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்கிறேன்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அண்ணன்

வாலு, இவர் பேச்சைக் கேட்டு டேங்க்கைக் காலியாக விட்டுவிடாதே. முகம் கழுவ என்ன செய்வாய்? இவர் முகம் கழுவுகிற ஆளா, இவருக்கு எங்கே தெரியப்போகிறது. — அண்ணி


பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. அண்ணியின் இரண்டு வரியைப் படித்துச் சிரித்தேன், ரொம்ப நாளைக்குப் பிறகு. இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. அவரும் நன்றாகத்தான் இருக்கிறார். டேங்க் விஷயத்தில் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

நீ வேண்டாம் என்றதும் விட்டுவிடுவேனா? மூன்று நாள் காலையில் ஊரைச் சுற்றி ஓட்டிப் பார்த்தேன். முதல் நாள் காலி டேங்க். வண்டி சொன்னபடி கேட்டது. ஆனால் ஒரு டம்ளர் கழுவக்கூட வழியில்லை. இரண்டாம் நாள் பாதி டேங்க். பஸ் டெப்போ பக்கத்துச் சிக்னலில் பிரேக் போட்டேன், கட்டிலுக்கு அடியில் தண்ணீர் 'தொபுக்'கென்று முன்னால் வந்து முட்டியது. வண்டி நின்ற பிறகும் இரண்டு தடவை அதுவாக ஆடியது. பின்னால் யாரோ எழுந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது, திரும்பிப் பார்த்துவிட்டேன். மூன்றாம் நாள் முழு டேங்க். தண்ணீர் அசையவில்லை. ஆனால் வண்டி வலது பக்கம் கொஞ்சம் சாய்கிறது. ஸ்டீயரிங்கை விட்டால் வலது பக்கம்தான் போகிறேன் என்கிறது. டயர் காற்றெல்லாம் பார்த்துவிட்டேன், சரியாக இருக்கிறது.

குடிக்க மட்டும் தனியாக இருபது லிட்டர் கேன் மூன்று வாங்கியிருக்கிறேன். புறப்படுகிற அன்று நிரப்பிக்கொள்ளலாம். டேங்க் தண்ணீர் மற்ற எல்லாவற்றுக்கும்.

எனக்கு முழு டேங்க்கோடுதான் போகவேண்டும் அண்ணா. குழாய் இருக்கிற இடமாகப் பார்த்துப் போவதென்றால் நான் வீட்டிலேயே இருந்துவிடலாமே? வலது பக்கம் சாய்வதற்கு மட்டும் வழி சொல்.

உன்,
வாலு


பிப்ரவரி 19

வாலுவுக்கு,

ஆசிகள். அண்ணிக்கு முழங்காலுக்குப் புது எண்ணெய் ஒன்று வந்திருக்கிறது. வீடே மருந்துக்கடை வாசனை. எனக்கு மூக்கு மட்டும் நன்றாக வேலை செய்கிறது, என்ன செய்ய.

பாதி டேங்க் கூடவே கூடாது. தண்ணீர் லாரி ஓட்டுகிறவனைக் கேள், ஒன்று முழுசு, இல்லாவிட்டால் காலி என்பான். இடையில் நிற்கிற தண்ணீர்தான் வண்டியைக் கவிழ்க்கும்.

சாய்வு எதனால் என்று இங்கே உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியாது. எடை போடவேண்டும். உன் ஊரில் தரையோடு தரையாகப் பதித்த எடை மேடை இருக்கிற இடமாகப் பார். மேடு ஏறி இறங்குகிற மேடை உதவாது. முதலில் முழு வண்டியை ஏற்று. பிறகு இடது பக்கச் சக்கரங்கள் மட்டும் மேடையில், வலது சக்கரங்கள் வெளியே தரையில். பிறகு மாற்றி, வலது மட்டும். மூன்று ரசீது வாங்கு. எந்தப் பக்கம் எவ்வளவு உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

டேங்க் முழுசாக, டீசல் முழுசாக, பயணத்துக்கு எடுத்துப் போகிற சாமான் எல்லாம் உள்ளே இருக்கவேண்டும். குடிக்கிற கேன் மட்டும் காலியாக இருக்கட்டும், அதை எங்கே வைப்பதென்று பிறகு பார்ப்போம். சாமானை ஒவ்வொன்றாக எடை பார்த்து ஒரு பட்டியல் அனுப்பு. நீ ஸ்டீயரிங்கில், மாப்பிள்ளை இடது சீட்டில். சும்மா வேடிக்கை பார்க்கிறேன் என்று இறங்கி நிற்கப்போகிறார்.

அண்ணன்


மார்ச் 5

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். எண்ணெய்க்கு வலி கேட்டதா? இந்த இரண்டு வாரமும் எனக்கு வீட்டுத் தராசோடுதான் குடித்தனம். போர்வை, தோசைக்கல், குடை, டார்ச், எல்லாவற்றையும் எடை பார்த்தேன். மொத்தம் நூற்றைம்பது கிலோ. நான் அறுபத்தாறு. இரண்டு கிலோ ஏறியிருக்கிறேன், அண்ணியிடம் சொல்லாதே.

எடை மேடை மரவாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. எனக்கு முன்னால் ஏழு லாரி, நடுவில் என் வெள்ளை வேன். மேடைக்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "என்னம்மா, வீட்டையே ஓட்டிக்கிட்டு வந்துட்டீங்க?" என்றார். என் அண்ணன் முப்பத்திரண்டு வருஷம் உங்கள் வேலைதான் பார்த்தார் என்றதும் ஆளே மாறிவிட்டார். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் ஏற்ற வேண்டுமென்றால் மற்றவர்களை விரட்டியிருப்பாராம். எனக்காக வெளியே வந்து நின்று, "இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்..." என்று கைகாட்டினார். பின்னால் லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துத் தள்ளிவிட்டார்கள். உன் காதுக்கு என்ன ஆயிற்று என்று அங்கே நின்றபோது எனக்குப் புரிந்தது.

மொத்தம் 2,980. இடது 1,430. வலது 1,550. ரசீதுகள் இத்துடன்.

மே மாதம் இருபதாம் தேதி புறப்படலாம் என்று இருக்கிறேன். நிரப்பலாமா, கூடாதா? ஒரு பதில் சொல்.

வாலு


மார்ச் 15

வாலுவுக்கு,

ரசீதைப் பார்த்ததும் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எத்தனை வருஷம் ஆயிற்று இப்படி ஒரு ரசீதைக் கையில் பிடித்து. உன் அண்ணி சாப்பிடக் கூப்பிட்டு நோட்டை மூன்று தடவை நீட்டினாள்.

நீ முன்பு அனுப்பிய வண்டிப் புத்தக நகலில் போட்டிருக்கிறபடி டீசலோடு வண்டி 2,640. தண்ணீர் 120. சாமான் 150. நீ 66. மாப்பிள்ளை 85. போன தடவை இங்கே வந்தபோது மூட்டைத் தராசில் நிற்க வைத்தேனே, அப்போது 85. கூட்டினால் 3,061. மேடை பத்துப் பத்தாகத்தான் காட்டும், ஆகவே 3,060 என்று வரவேண்டும். நீ அனுப்பியது 2,980. எண்பது கிலோ எங்கே?

எனக்கென்னவோ மாப்பிள்ளை இறங்கி டீ குடிக்கப் போய்விட்டார் என்று தோன்றுகிறது. எல்லா லாரியிலும் கிளீனர்கள் செய்கிற வேலைதான் இது. மேடையைக் கண்டாலே இறங்கிவிடுவார்கள். நான் ஜன்னலிலிருந்து "டேய், ஏறுடா!" என்று கத்துவேன். மாப்பிள்ளையை அப்படிக் கத்த முடியாது. நீதான் பக்குவமாகச் சொல்லி உட்கார வைக்கவேண்டும்.

இடது சீட்டில் அவர் உட்கார்ந்தால் உன் சாய்வில் பாதிக்கு மேல் போய்விடும். மறுபடி ஒரு தடவை எடை போட்டு அனுப்பு. அதைப் பார்த்துவிட்டு டேங்க் பற்றி முடிவு சொல்கிறேன்.

அண்ணன்


மார்ச் 27

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம், நலமே விரும்புகிறேன். அண்ணிக்கு என் அன்பு. இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது, மற்றபடி ஒரு குறையும் இல்லை. ரொம்ப நன்றாக இருக்கிறேன்.

மறுபடி எடை போட்டேன். இந்தத் தடவை இடது சீட் காலியாக இல்லை. மொத்தம் 3,040. இடது 1,480, வலது 1,560. சாய்வும் குறைந்துவிட்டது. ரசீதுகளை இத்துடன் வைத்திருக்கிறேன்.

இனி நிரப்பலாம் இல்லையா?

வாலு


ஏப்ரல் 24

அன்புள்ள அண்ணனுக்கு,

நான்கு வாரம் ஆகிவிட்டது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அண்ணிக்கு? நேற்று அண்ணியின் போனுக்கு அடித்தேன். "நல்லாருக்கோம்மா. உங்கண்ணன் எழுதிக்கிட்டுதான் இருக்காரு, கிழிச்சுக்கிட்டும் இருக்காரு" என்றார். என்ன எழுதுகிறாய், ஏன் கிழிக்கிறாய்?

இருபதாம் தேதிக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. நீ எழுதாவிட்டால் எனக்கு ஒன்றும் ஓடாது.

வாலு


மே 2

என் அன்புத் தங்கைக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. ஐந்து கடிதம் எழுதிக் கிழித்தேன். இது ஆறாவது.

உன் இரண்டாவது ரசீதில் அறுபது கிலோ கூடியிருந்தது. எண்பத்தைந்து கிலோ மாப்பிள்ளை அறுபதாகிவிட்டாரே, ஏதோ பெரிய வியாதி, என்னிடம் மறைக்கிறாய் என்று நினைத்தேன். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் உன் அண்ணி உன் பழைய கடிதங்களை எடுத்துவந்து மேஜையில் வைத்தாள். நோட்டில் ஒரே வரி எழுதிக் காட்டினாள். "மூன்று கேன், இருபது லிட்டர்."

வாலு, சரக்கின் எடையைக் கூட்டிக் காட்ட, சரக்கோடு எடை போடும்போது கேபினில் தண்ணீர் கேனை அடுக்கிவிட்டு, காலி வண்டி எடைக்கு முன்னால் சாக்கடையில் ஊற்றிவிடுகிற ஆட்களை முப்பத்திரண்டு வருஷம் கையும் களவுமாகப் பிடித்தவன் நான். என் காதிலேயே பூ சுற்றப் பார்த்தாயே! முதலில் சிரிப்புத்தான் வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவன் அப்படியே அழுதுவிட்டேன். அந்த அறுபது கிலோவை நீ தனியாகத் தூக்கி அந்தச் சீட்டில் வைத்திருக்கிறாய். என்னிடம் உண்மையைச் சொல்வதைவிட அது உனக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. அதுதான் தாங்கவில்லை.

மாப்பிள்ளைக்குப் போன் போட்டுக் கேள் என்று உன் அண்ணியிடம் சொன்னேன். அவள் போடவில்லை. நோட்டில் எழுதினாள்: "கேட்கணும்னா அவளையே கேளுங்க. அன்னிக்கும் நீங்க அவளைக் கேட்கல." அதைப் படித்த பிறகுதான் நான் எழுதிய கடிதங்களைக் கிழிக்க ஆரம்பித்தேன். எல்லாவற்றிலும் உனக்குப் புத்திதான் சொல்லியிருந்தேன்.

நிஜம்தான். அன்றைக்கு நான் கேட்டது இரண்டே கேள்வி. "அடிக்கிறாரா? குடிக்கிறாரா?" இல்லை என்றாய். அப்புறம் என்ன என்று பஸ் ஏற்றிவிட்டேன். நாற்பது நாளாகப் பேசவில்லை என்று நீ சொன்னது இப்போது ஞாபகம் வருகிறது. அதெல்லாம் ஒரு விஷயமா என்று நினைத்தேன். காது போன பிறகுதான் தெரிகிறது. வீட்டில் ஆள் நடமாட்டம் இருக்கிறது, ஒரு சொல் வந்து சேரவில்லை என்றால் மனுஷன் எப்படி ஆகிவிடுகிறான் என்று. எனக்காவது உன் அண்ணி நோட்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வருகிறாள். உனக்கு யார் இருந்தார்கள்?

நான் பெருமை பேசிக்கொண்டு திரிந்தது தப்பு. உன்னைக் கொண்டுபோய் விட்டதும் தப்பு. இதை எழுதத்தான் ஒரு மாதம் ஆயிற்று.

இப்போது டேங்க். நிரப்பு. உன் வண்டி 3,500 வரை தாங்கும். எடையில் ஒரு கோளாறும் இல்லை என்று முதல் ரசீதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் சரி என்று சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தேன். உன்னிடம் வேண்டாம் என்று சொல்லியே பழகிவிட்டது.

தனியாகப் போகாதே. நான் வருகிறேன். தராசில் நின்று பார்த்தேன், அறுபத்திரண்டு கிலோ. கேனும் தண்ணீருமாகச் சேர்த்து நீ வைத்த எடைக்கு ஒரு கிலோதான் குறைவு. பதினெட்டாம் தேதி பஸ் ஏறிவிடுகிறேன்.

உன் அண்ணன்


மே 9

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தை வேனுக்குள் உட்கார்ந்து படித்தேன். நானும் அழுதேன். இப்போது சரியாகிவிட்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன். வேன் வாங்கிய நாளிலிருந்தே அவர் என்னோடு பேசவில்லை. முதலில் கோபம், பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. பிள்ளையில்லாத வீட்டில் அவரும் பேசாவிட்டால் எப்படி இருக்கும் என்று உனக்கு இப்போது நான் சொல்ல வேண்டியதில்லை. போன ஆகஸ்ட் மாதம் ஒரு நாள் வாயைத் திறந்தார். "ஒண்ணு வேன், இல்ல நான்" என்றார். நான் "வேன்" என்றேன். யோசிக்கக்கூட இல்லை அண்ணா, எனக்கே தூக்கிவாரிப் போட்டது. மறுநாள் பெட்டியை எடுத்துக்கொண்டு அவருடைய அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே சௌகரியமாக இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். கெட்ட மனுஷர் இல்லை. எனக்குத்தான் முடியவில்லை.

நீ ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தபோது எப்படி எழுதுவேன்? பழைய கடிதங்களைப் பார், நான் பொய் எழுதவில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதினேன், அவர் நிஜமாகவே ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கேன் ஒன்றுதான் பொய். எடை மேடைக்காரர் ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, "யாரும்மா அது முன்னாடி, மூணு பேரா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

உண்மை தெரிந்தால் நீ பஸ் ஏறி வந்து நிற்பாய், என்னைக் கையைப் பிடித்து அவர் இருக்கிற வீட்டு வாசலில் விடுவாய் என்று பயந்தேன். இப்போது நீ பஸ் ஏறுகிறேன் என்கிறாய். பாசத்தில்தான் சொல்கிறாய், தெரியும். ஆனால் இதிலும் நீ என்னைக் கேட்கவில்லையே அண்ணா.

வரவேண்டாம். இந்தப் பயணம் எனக்கு. நாற்பது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மழையிலும் வெயிலிலும் ஓட்டியவள், ஒரு வேனைத் தனியாக ஓட்ட மாட்டேனா? வழியில் எந்த ஊர் வந்தாலும் அண்ணிக்கு ஒரு போன் போடுவேன், அண்ணி உனக்கு எழுதிக் காட்டட்டும்.

கோபித்துக்கொள்வாயா?

வாலு


மே 15

வாலுவுக்கு,

சரி.

இதை எழுத எனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று உன் அண்ணியைக் கேட்டுக்கொள். பஸ் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மூன்று கேனையும் நிரப்பி இடது சீட்டுக்கு முன்னால், கால் வைக்கிற இடத்தில் வை. சீட்டின் மேல் வைக்காதே, பிரேக் போட்டால் கண்ணாடிக்குப் பறக்கும். நைலான் கயிற்றால் சீட் காலோடு இறுக்கிக் கட்டு. இந்தத் தடவை அது எனக்குக் காட்ட இல்லை, வண்டி நேராகப் போவதற்கு.

டேங்க்கை விளிம்பு வரை நிரப்பு. நிம்மதியாகப் போய்வா.

அண்ணன்

வாலு, இவர் முடிவெட்டும் கடையில் "என் தங்கச்சி தனியா ஓட்டிக்கிட்டு போறா" என்று மாற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். முன்னைவிடப் பெருமை அதிகம், தாங்க முடியவில்லை. — அண்ணி


ஜூன் 3

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

நலம், நலம், நலம். அந்த உப்புத் தண்ணீர் ஊரின் தபால் நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். தண்ணீரை நானும் நாக்கில் வைத்துப் பார்த்தேன். நிரப்பிக்கொண்டு வந்தது நல்லதாயிற்று.

காலண்டர்காரன் நம்மை ஏமாற்றிவிட்டான். அந்தச் சிவப்பு நிறம் காலையில் கால் மணி நேரம்தான். மீதி நாளெல்லாம் அது வெறும் கல். அந்தக் கால் மணி நேரத்துக்காக நான்கு நாளும் விடியற்காலையில் எழுந்து, டேங்க் தண்ணீரில் முகம் கழுவி, டீ போட்டுக்கொண்டு வாசல் படியில் உட்கார்ந்தேன். நான்கு நாள் போதாது என்று இரண்டு நாள் கூட இருந்தேன். தண்ணீர் இருந்ததே!

பக்கத்தில் இன்னொரு வேன். கணவனும் மனைவியும். வெயிட் கூடும் என்று டேங்க்கைக் காலியாகவே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். "நீங்கதான் வேணாம்னீங்க." "நீதான் அங்க புடிச்சுக்கலாம்னே." காலையிலிருந்து சாயங்காலம் வரை இதே சண்டை. எனக்குக் கேட்கக் கேட்க ஆசையாக இருந்தது. எப்படிப் பேசிக்கொள்கிறார்கள்! ஒரு கேனை அவிழ்த்துக் கொடுத்துவிட்டேன். குடித்துவிட்டு மறுபடி சண்டையைத் தொடர்ந்தார்கள்.

அவர்கள் போன பிறகு அங்கே ஒரு சத்தமும் இல்லை. என் வீட்டிலும்தான் இத்தனை வருஷம் சத்தமில்லை. இரண்டும் ஒன்றில்லை அண்ணா. அங்கே நான் வாய்விட்டுப் பாடினேன். கேட்டிருந்தால் நீ காது போனதே நல்லது என்றிருப்பாய்.

திரும்பும்போது வீட்டுக்கு நேராகப் போகப்போவதில்லை. பதினான்காம் தேதி காலை உன் வாசலில் வேன் நிற்கும். நானே வருகிறேன், பையோடு இல்லை, வீட்டோடு. மீதியிருக்கிற இரண்டு கேனையும் வருகிற வழியில் எங்காவது மரத்துக்கு ஊற்றிவிடுவேன். டேங்க்கை மட்டும் நிரப்பிக்கொண்டு வருவேன். அண்ணி பின்னால் சோபாவில் காலை நீட்டிக்கொள்ளட்டும்.

இடது சீட் உனக்கு. சட்டைப்பையில் இருக்கிற அந்த மெஷினை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டு ஏறு. இரைச்சலாக இருந்தால் இருக்கட்டும். நான் நிறையப் பேசப்போகிறேன்.

உன் தங்கை,
வாலு